யிகாயேல் யாதீன்: கேள்வி பதில்

கேள்வி: ஒரு விவிலியத் தொல்லியலாளர் நாடே அறிந்த மனிதரானது எப்படி?

பதில்: யாதீன் அகழாய்வுக்கு முழுமூச்சாக வருவதற்கு முன்பே நாடறிந்தவர். 1949 முதல் 1952 வரை இஸ்ரேலியப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்துவிட்டுத்தான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். தந்தை சுகெனிக்கும் தொல்லியலாளரே. பழங்கால யூதக் கையெழுத்துப் பிரதிகளான சவக்கடல் சுருள்களில் முதலில் கிடைத்த ஏழில் மூன்றை 1947இல் வாங்கியவர் அவர். எஞ்சிய நான்கும் 1954இல் அமெரிக்க நாளிதழ் ஒன்றின் வரி விளம்பரத்தில் விற்பனைக்கு வந்தபோது, தம் பெயரை வெளிக்காட்டாமல் இடையாட்கள் வழியே இரண்டரை லட்சம் டாலருக்கு அவற்றை இஸ்ரேலுக்கு வாங்கித் தந்தவர் மகன்.

கேள்வி: ஐயா, சாலொமோன் மன்னரின் நகரவாயில்களைக் கண்டுபிடித்தார் என்கிறார்களே, அது உறுதியானதா?

பதில்: வாயில்கள் உறுதி, சாலொமோன்தான் விவாதத்துக்குரியவர். ஆத்சோர், மெகிதோ, கேசேர் ஆகிய மூன்று நகரங்களையும் சாலொமோன் கட்டியதாக விவிலியத்தின் 1 இராஜாக்கள் 9:15 சொல்கிறது. ஆத்சோரில் ஆறு அறைகள் கொண்ட வாயிலைத் தோண்டியெடுத்த யாதீன், மெகிதோவிலும் அதே அமைப்பு இருப்பதைச் சுட்டிக்காட்டியதோடு, கேசேரில் முந்தைய ஆய்வாளர் மக்கபேயர் காலத்து (கி.மு. இரண்டாம் நூற்றாண்டு) கோட்டை என்று கருதிய கட்டடத்தின் பழைய வரைபடத்தைப் பார்த்தே அதுவும் அத்தகைய வாயிலின் பாதி என்று 1958இல் எழுதினார். பின்னர் அங்கே தோண்டியவர்கள் மறுபாதியையும் கண்டார்கள். அவருடைய கூர்மைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆயினும் இவற்றின் காலம் சாலொமோனுக்குரிய கி.மு. பத்தாம் நூற்றாண்டன்று, ஒன்பதாம் நூற்றாண்டு என்று தொல்லியலாளர் இஸ்ரேல் ஃபிங்கெல்ஸ்டைன் 1990களில் வாதிட்டார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

கேள்வி: சவக்கடல் அருகிலுள்ள மசாதா மலைக்கோட்டையில் அவர் சான்றுகளை மிகைப்படுத்தினாரா?

பதில்: சான்றுகளைவிட ஒரு படி அதிகமாகவே பேசினார் என்பது என் கருத்து. 1963 முதல் 1965 வரை நடந்த அந்த அகழாய்வுக்கு லண்டன் ஞாயிறு இதழ் ஒன்று ஆதரவளித்தது. பல நாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் தங்கள் செலவில் வந்து மண் சுமந்தார்கள். அங்கே முற்றுகையிட்ட ரோமரிடம் சிக்காமல் யூதர்கள் 960 பேர் மாண்டதாகவும், மற்றவர்களைக் கொல்லப் பத்துப் பேர் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டதாகவும் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ் எழுதியிருக்கிறார். பெயர் பொறித்த பதினோரு ஓட்டுச்சில்லுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில், கோட்டையிலிருந்தோரின் தலைவர் பெயரான 'பென் யாயீர்' என்றிருந்தது. அவையே அந்தச் சீட்டுகளாக இருக்கலாம் என்றார் யாதீன். பத்துக்கும் பதினொன்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அங்கே குகையில் கிடைத்த எலும்புகள், மாண்ட அந்த யூதர்களுடையவை என்று கொள்ளப்பட்டு 1969இல் அரசு மரியாதையுடன் புதைக்கப்பட்டதற்குப் பிறகு, அவை யாருடையவை என்று நிதானமாகக் கேட்பதே கடினமாகிவிட்டது.

கேள்வி: அரசியலில் வென்றாரா?

பதில்: தொடக்கத்தில் மட்டும். அவருடைய புதிய கட்சி 1977இல் இஸ்ரேல் நாடாளுமன்றத்தின் 120 இடங்களில் 15ஐப் பெற்றது. அவர் துணைப் பிரதமரானார். அடுத்த ஆண்டே கட்சி பிளந்தது.

கேள்வி: மசாதாவின் முழு அறிக்கையை அவரே எழுதினாரா?

பதில்: இல்லை. பொதுமக்களுக்கான நூலை 1966லேயே தந்துவிட்டார்; இறுதி அறிக்கைத் தொகுதிகளோ, அவர் 1984இல் மறைந்து ஐந்தாண்டுகள் கழிந்த பின்னரே வெளிவரத் தொடங்கின.