செயலியில் பேச்சறிதல்: எந்த எஞ்சின் என்பது கடைசிக் கேள்வி

கேள்வி: கிடங்கில் சரக்கு இருப்பைக் கணக்கெடுக்க ஒரு மொபைல் செயலி எழுதியிருக்கிறேன். கையில் பெட்டியோடு நிற்பவர் திரையைத் தொட முடியாது என்பதால், பொருளின் பெயரையும் எண்ணிக்கையையும் வாயால் சொன்னாலே பதிவாகும்படி பேச்சறிதல் சேர்த்தேன். என் போனில் நன்றாக ஓடுகிறது. சோதனைக்குக் கொடுத்த சில ஆண்ட்ராய்டு போன்களில் மைக்கை அழுத்தினால் ஒன்றுமே நடப்பதில்லை. சிலவற்றில் பேசி முடிக்கும் முன்பே நின்றுவிடுகிறது. எண்களும் அடிக்கடி தப்பாக விழுகின்றன. கிடங்குக்குள் இணையமும் சரியாகக் கிடைக்காது. அடுத்து ஐபோனுக்கும் போக வேண்டும். பேச்சை எழுத்தாக்கும் எந்த எஞ்சினுக்கு மாறுவது?

பதில்: இப்போதைக்கு மாற வேண்டாம். நீங்கள் அடுக்கியிருக்கும் குறைகளில் பெரும்பாலானவை எஞ்சினுக்கு முன்னாலோ பின்னாலோ இருப்பவை. எஞ்சினை மாற்றினாலும் அவை கூடவே வரும்.

இப்படிக் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, செயலிக்குப் பேச்சறிதல் நிஜமாகவே தேவையா என்பதுதான். குறிப்பு எழுதுவது, செய்தி அனுப்புவது போன்ற வேலை என்றால் கீபோர்டிலேயே மைக் பொத்தான் இருக்கிறது. ஒரு வரி கோட் எழுதாமல் வேலை முடிந்துவிடும். உங்கள் நிலைமை வேறு. பேசுகிறவரின் கை ஓய்வாக இல்லை, அவர் சொல்லப்போவதும் குறுகலானது: ஒரு பெயர், ஒரு எண், வேண்டுமானால் ஓர் அலகு. இந்தக் குறுகல்தான் உங்கள் பலம். பொதுவான எஞ்சின் மொழியில் உள்ள எல்லாச் சொற்களிலிருந்தும் ஒன்றை ஊகிக்க வேண்டும். உங்களிடமோ பொருள் பட்டியலே கையில் இருக்கிறது. அதை இதுவரை பயன்படுத்தவில்லை என்று உங்கள் கேள்வியிலிருந்தே தெரிகிறது.

முதலில் "ஒன்றுமே நடப்பதில்லை" என்பதை எடுத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்டின் 'ஸ்பீச்ரெகக்னைசர்' ஒரு தரகர் மாதிரி. போனில் ஏற்கெனவே நிறுவியிருக்கும் ஏதோ ஒரு பேச்சறிதல் சேவையிடம் உங்கள் வேலையை ஒப்படைப்பதோடு அதன் கடமை முடிந்தது. அந்தச் சேவை போனுக்குப் போன் மாறும். சிலவற்றில் முடக்கி வைத்திருப்பார்கள், சிலவற்றில் இருக்கவே இருக்காது. அதைவிட அதிகம் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு 11 முதல், ஒரு செயலி போனில் உள்ள மற்ற செயலிகளை இஷ்டத்துக்கு எட்டிப்பார்க்க முடியாது. செயலிக்கு என்னென்ன தேவை என்று ஆண்ட்ராய்டுக்கு அறிவிக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பின் 'குவெரிஸ்' பகுதியில் 'ரெகக்னிஷன் சர்வீஸ்' எனக்குத் தேவை என்று அறிவிக்காவிட்டால், சேவை இருக்கும் போனிலும் "இல்லை" என்ற பதில்தான் வரும். பழைய பதிப்பு ஓடும் போனில் இது தெரியவே தெரியாது. உங்கள் சொந்தப் போனில் மட்டும் நன்றாக ஓடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள்.

அடுத்தது மைக் அனுமதி. ஆண்ட்ராய்டு 6 முதல் அதைச் செயலி ஓடும்போதே பயனரிடம் கேட்டு வாங்க வேண்டும். ஆண்ட்ராய்டு 11 முதல், ஒருவர் இரண்டு முறை மறுத்துவிட்டால் அந்தக் கேள்விப் பெட்டி மறுபடி வராது. அப்புறம் நீங்கள் எத்தனை முறை கேட்டாலும் திரையில் ஒன்றும் தோன்றாது. செட்டிங்ஸ் பக்கத்துக்கு அழைத்துப்போகும் ஒரு பொத்தானை வையுங்கள். செயலி திறந்தவுடனேயே அனுமதி கேட்காமல், பயனர் மைக்கைத் தொடும் கணத்தில் கேட்டால் மறுப்பவர்கள் குறைவார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பிழை வந்தால் அழைக்கப்படும் 'ஆன் எரர்' ஃபங்ஷனில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? பெரும்பாலான செயலிகளில் அது காலியாகக் கிடக்கும், அல்லது ஒரு லாக் வரியோடு முடிந்துவிடும். ஆண்ட்ராய்டு அனுப்பும் எண்ணைப் பார்த்தாலே பாதிச் சிக்கல் அவிழும். 6 என்றால் யாரும் பேசவில்லை. 7 என்றால் பேச்சு கேட்டது, பொருத்தம் கிடைக்கவில்லை. 8 என்றால் முந்தைய கேட்பு முடியும் முன் மறுபடி தொடங்கிவிட்டீர்கள். 9 என்றால் அனுமதி இல்லை. 12 என்றால் அந்த மொழியைச் சேவை அறியாது, 13 என்றால் மொழி உண்டு, ஆனால் இப்போது கைவசம் இல்லை. இந்த ஆறுக்கும் பயனருக்குப் புரிகிற ஆறு வாக்கியங்கள் எழுதுங்கள். இன்னொன்று: ஸ்பீச்ரெகக்னைசரை மெயின் த்ரெட்டிலிருந்துதான் (திரையை இயக்கும் முதன்மை ஓட்டம்) அழைக்க வேண்டும்.

பேசி முடிக்கும் முன் நின்றுவிடுவது பேச்சின் முடிவை ஊகிக்கும் இடத்தில் வருகிற தொல்லை. சற்று மௌனம் விழுந்தால் பேச்சு முடிந்தது என்று சேவை முடிவு கட்டிவிடும். உங்கள் பயனரோ பெயரைச் சொல்லிவிட்டு, பெட்டிகளை எண்ணிப் பார்த்து, பிறகுதான் எண்ணைச் சொல்வார். மௌன நேரத்தை நீட்டச் சொல்லும் அமைப்புகள் ஆண்ட்ராய்டில் உண்டு. ஆனால் சேவை அவற்றைப் பொருட்படுத்தாமல் போகலாம் என்று அதன் ஆவணமே சொல்கிறது, அவற்றை நம்பி வடிவமைக்காதீர்கள். பலர் செய்யும் குறுக்குவழி, நின்றவுடன் தானாக மறுபடி தொடங்குவது. அதில் ஒவ்வொரு இடைவெளியிலும் சில எழுத்துகள் விழுங்கப்படும், சில போன்களில் ஒவ்வொரு முறையும் 'பீப்' ஒலி வேறு. தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருப்பதற்கு ஸ்பீச்ரெகக்னைசர் உரியதல்ல, பேட்டரியையும் டேட்டாவையும் தின்னும் என்று அதே ஆவணம் எச்சரிக்கிறது.

நான் என்றால் பதிவை இரண்டாக உடைத்துவிடுவேன். பயனர் பெயரைச் சொல்கிறார். செயலி கண்டுபிடித்ததைத் திரையில் பெரிதாகக் காட்டி, எண்ணிக்கைக்காகத் தனியாக மைக்கைத் திறக்கிறது. எண்ண எடுக்கும் நேரம் இரண்டு கேட்புகளுக்கு நடுவே போய்விடும். இரண்டாவது கேட்பில் எண் மட்டுமே வரும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியும், அதனால் பிழையும் குறையும். கையுறை போட்ட விரலாலும் அழுத்த முடிகிற பெரிய பொத்தான் ஒன்றோ, ஹெட்செட் பொத்தானோ கேட்பைத் தொடங்கி வைக்கட்டும்.

இனி எண்கள். இங்கேதான் நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டும். எழுபது, எண்பது, அறுபது மூன்றும் ஒரே வாலோடு முடிபவை. இரைச்சலில் தலை மழுங்கினால் வால் மட்டுமே மிஞ்சும். தொண்ணூறும் தொள்ளாயிரமும் தொடங்கும்போது ஒன்றுபோல ஒலிக்கும், மதிப்பிலோ பத்து மடங்கு வித்தியாசம். எஞ்சின் ஒருமுறை 125 என்று இலக்கத்தில் தரும், ஒருமுறை "நூற்றி இருபத்தைந்து" என்று தரும், இன்னொரு முறை "நூத்தி இருபத்தஞ்சு" என்று பேசியபடியே தரும். மூன்றையும் ஒரே எண்ணாக்கும் சிறு பார்சர் (சொல்லைப் பிரித்துப் படிக்கும் நிரல்) ஒன்றை நீங்களே எழுதியாக வேண்டும். மூணு, நாலு, அஞ்சு, பதிமூணு, பதினாலு என்று பேச்சு வடிவங்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். போன கணக்கெடுப்பில் 40 இருந்த பொருளுக்கு இன்று 900 வந்தால் செயலி அதை அப்படியே ஏற்காமல் திருப்பிக் கேட்க வேண்டும். பதிவானதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக் காட்டுங்கள். திரையைப் பார்க்க முடியாதவருக்கு அதுதான் உறுதி.

பெயர்களுக்கு வருவோம். எஞ்சின் ஒரே ஒரு விடையோடு நிற்பதில்லை. கேட்டால், நம்பிக்கை வரிசையில் பல விடைகளைத் தரும். முதல் விடையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப்போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. மூன்றாவது விடை உங்கள் பட்டியலில் அச்சாக இருக்கிறது, முதல் விடை பட்டியலிலேயே இல்லை என்றால், மூன்றாவதுதான் சரி. ஒன்றுமே நேராகப் பொருந்தாவிட்டால் லெவன்ஷ்டைன் தொலைவு பாருங்கள்: ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்ற கணக்கு. தமிழில் இதற்கு முன் ஒரு படி வேண்டும். ஒப்பிடுவதற்கென்று மட்டும் ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக்குங்கள். ர, ற இரண்டையும், ந, ன, ண மூன்றையும் அப்படியே செய்யுங்கள். இலக்கண ஆசிரியர் கோபிக்கட்டும், திரையில் காட்டும்போது பட்டியலில் உள்ள சரியான எழுத்தையே காட்டப் போகிறோம்.

பலரை நாள்கணக்கில் அலைக்கழித்த இன்னொரு சமாச்சாரம் யூனிகோட், அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாக வைத்துக்கொள்ளும் முறை. "கொ" என்பதை க-வோடு ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. எஞ்சின் தந்த சொல்லையும் பட்டியல் சொல்லையும் ஒப்பிடும் முன் இரண்டையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் ஔ-வுக்குப் பதில் ஒ-வும் ள-வும் தட்டியிருந்தால் என்எஃப்சி அதைத் திருத்தாது, அதற்குத் தனியாக ஒரு வரி எழுத வேண்டும். ஆங்கிலப் பெயருள்ள பொருள்கள் சில சமயம் தமிழ் எழுத்திலும் சில சமயம் ஆங்கில எழுத்திலும் வரும் என்பதால், ஒவ்வொரு பொருளுக்கும் மாற்றுப் பெயர்களைச் சேர்த்து வையுங்கள்.

பட்டியலை எஞ்சினுக்கே முன்கூட்டிக் காட்டவும் வழி உண்டு. ஆண்ட்ராய்டு 13-இல் 'பயாசிங் ஸ்ட்ரிங்ஸ்', ஐஓஎஸ்-இல் 'கான்டெக்ஸ்சுவல் ஸ்ட்ரிங்ஸ்'. ஆயிரம் பெயரையும் கொட்டாதீர்கள், பயனர் நிற்கும் அடுக்கில் உள்ளவற்றை மட்டும் கொடுங்கள்.

இணையம் இல்லாத இடம் என்பதுதான் உங்கள் கேள்வியில் எஞ்சினோடு நிஜமாகச் சம்பந்தப்பட்டது. ஆண்ட்ராய்டு 12 முதல் போனுக்குள்ளேயே இயங்கும் ரெகக்னைசரை நேரடியாகக் கேட்டு வாங்கலாம். 13 முதல் ஒரு மொழியின் மாடல் (அந்த மொழிப் பேச்சை அறியப் பயிற்றுவித்த கோப்பு) இருக்கிறதா என்று சோதித்து, இல்லாவிட்டால் இறக்கச் சொல்லலாம். இந்தச் சோதனையைப் பயனர் கிடங்குக்குள் போன பிறகு செய்து பயனில்லை, இணையம் இருக்கும்போது உள்நுழைவிலேயே செய்துவிடுங்கள்.

போனின் சேவையை நம்ப முடியாது என்றால் செயலியோடு மாடலையே சேர்த்துக் கொடுக்கலாம். இணையமின்றி இயங்கும் திறந்த மூலப் பேச்சறிதல் கருவியான வோஸ்க் இதற்கு வாகானது. சிறிய மாடல்கள் 50 எம்பி அளவில் கிடைக்கின்றன, பேசப் பேச விடை தரும், இந்தச் சொற்களை மட்டும் எதிர்பார் என்று கட்டுப்படுத்தவும் இடம் தரும். உங்களுக்கு வேண்டிய மொழிக்கு மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

விஸ்பர் என்ற பேச்சறிதல் மாடலைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்டது. 6,80,000 மணி நேர ஒலியில் பயிற்றுவித்தது, எம்ஐடி உரிமம் (தாராளமான திறந்த மூல உரிமம்), தமிழும் அடக்கம். நீளமான பேச்சை எழுத்தாக்க எனக்கு அது பிடிக்கும். உங்கள் வேலைக்குப் பிடிக்காது. ஒலியை 30 விநாடித் துண்டுகளாகவே அது பார்க்கும். நீங்கள் இரண்டு விநாடி பேசினாலும் மீதியை வெறுமையால் நிரப்பித்தான் தொடங்கும். 3.9 கோடி அளவுருக்கள் (பயிற்சியில் அது கற்ற எண்கள்) கொண்ட 'டைனி' என்ற அதன் மிகச் சிறிய வகை போனில் ஓடும், ஆனால் தமிழில் அதன் தரம் கைகொடுக்காது. தரம் கூடிய 'ஸ்மால்' 24.4 கோடி, சாதாரணப் போன் அதற்குத் திணறும். மௌனத்தைக் கொடுத்தால் சொல்லாத வாக்கியத்தை இட்டுக்கட்டும் பழக்கமும் உண்டு. சரக்குக் கணக்கில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒலியைச் சொந்தமாகப் பதிவு செய்து இத்தகைய மாடலுக்குக் கொடுப்பதானால் 16 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 16,000 மாதிரிகள்), ஒவ்வொன்றும் 16 பிட், மோனோ (ஒற்றைத் தடம்). விநாடிக்கு 32,000 பைட் வரும். ஆண்ட்ராய்டில் ஒலியை எங்கிருந்து எடுப்பது என்ற அமைப்பில் 'வாய்ஸ் ரெகக்னிஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். காதுக்கு இனிமையாக இருக்கட்டும் என்று இரைச்சல் நீக்கியை நீங்களாகச் சேர்க்காதீர்கள், அது மெய்யெழுத்துகளின் ஓரத்தையும் சேர்த்துச் சீவிவிடலாம். மைக் வாய்க்கு அருகில் இருப்பது எந்த மென்பொருளையும் விடப் பலன் தரும். ஆனால் பழைய ப்ளூடூத் ஹெட்செட்டுகள் பேச்சை 8 கிலோஹெர்ட்ஸில் அனுப்புபவை. அதில் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியெல்லாம் போய்விடும், ச-வும் ஸ-வும்தான் முதலில் அடிபடும். 16 கிலோஹெர்ட்ஸ் தருகிற 'வைட்பேண்ட்' வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

ஐபோன் பக்கம் கதை எளிது. ஆப்பிளின் பேச்சறிதல் வசதியான 'எஸ்எஃப் ஸ்பீச்ரெகக்னைசர்' ஐஓஎஸ் 10 முதல் இருக்கிறது. செயலியின் விவரங்களைச் சொல்லும் இன்ஃபோ பிளிஸ்ட் கோப்பில் மைக்குக்கு ஒன்று, பேச்சறிதலுக்கு ஒன்று என இரண்டு விளக்க வரிகள் கட்டாயம். ஒன்று விடுபட்டாலும் அனுமதி கேட்கும் கணத்தில் செயலி மூடிக்கொள்ளும். சர்வர் வழியாகப் போகும் கேட்புக்கு ஒரு நிமிட வரம்பு உண்டு, உங்கள் சிறு கேட்புகளுக்கு அது தடையில்லை. ஐஓஎஸ் 13 முதல் போனுக்குள்ளேயே முடிக்கச் சொல்லலாம். ஆனால் எல்லா மொழிக்கும் அது கிடையாது. ஆதரிக்கப்படும் மொழிப் பட்டியலையும், போனுக்குள் இயங்கும் ஆதரவையும் கோடிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, இல்லை என்றால் மைக் பொத்தானைக் காட்டாதீர்கள்.

சோதனை விஷயத்தில் ஒரு வார்த்தை. பேச்சறிதலை 'வேர்ட் எரர் ரேட்' என்று அளப்பது வழக்கம்: மாறிய, விடுபட்ட, கூடுதலாக வந்த சொற்களைக் கூட்டி, மொத்தச் சொற்களால் வகுப்பது. தமிழில் ஒரு விகுதி பிசகினாலும் முழுச் சொல்லும் தப்பாகிவிடும் என்பதால் இந்த அளவு நிலைமையை உள்ளதைவிட மோசமாகக் காட்டும். நீங்கள் எண்ண வேண்டியது வேறு: நூறு பதிவில் எத்தனை, யாரும் திருத்தாமல் சரியாக விழுந்தன, எத்தனை யாரும் கவனிக்காமல் தப்பாக விழுந்தன. இரண்டாவதுதான் ஆபத்து. அமைதியான அறையில் உங்கள் குரலில் எண்ணாதீர்கள். கிடங்கில், வண்டி ஓடும் நேரத்தில், அங்கே வேலை செய்கிறவர்களின் குரலில் எண்ணுங்கள். அதற்காக ஒலியைச் சேமித்தால் அவர்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொண்டு, சோதனை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

முதலில் மேனிஃபெஸ்டையும் பிழை எண்களையும் சரிசெய்து, அதே போன்களில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிறகு கேட்பை இரண்டாக உடைத்து, பட்டியலோடு பொருத்தும் பகுதியை எழுதுங்கள். அதற்குப் பிறகும் கவனிக்காமல் விழும் தப்புகள் குறையவில்லை என்றால், அந்தப் போன்களின் மாடல் பெயரையும் ஆண்ட்ராய்டு பதிப்பையும் வந்த பிழை எண்களையும் குறித்து எழுதுங்கள். எஞ்சினைப் பற்றி அப்போது பேசலாம்.