உடல் பருமனானால் பிபி ஏன் ஏறுகிறது? கொழுப்பில் சுரக்கும் ஹார்மோன்களுக்கு இதில் என்ன பங்கு? லெப்டின் டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: லெப்டின் டெஸ்ட் வேண்டாம். அந்தக் காசைப் போட்டு ஒரு நல்ல பிபி மெஷினும், உங்கள் கைக்குப் பொருந்தும் பட்டையும் வாங்குங்கள். ஏன் என்று புரிய கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.

கொழுப்பு என்றால் சும்மா கிடக்கும் மூட்டை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1994-ல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டின் மரபணுவைக் கண்டுபிடித்ததும் அந்த நினைப்பு மாறியது. கொழுப்பு செல்களில் சுரக்கும் லெப்டின் மூளையின் ஹைப்போதலாமஸுக்குப் போய் இரண்டு வேலை பார்க்கிறது. பசியை அடக்குவது ஒன்று. சிம்பதெட்டிக் நரம்புகளை முடுக்கிவிடுவது இன்னொன்று. பயத்தில் நெஞ்சு படபடக்கிறதே, அதே நரம்பு மண்டலம்தான்.

பருமனானவர்களின் ரத்தத்தில் லெப்டின் ஏராளமாகவே இருக்கும். ஆனால் பசி விஷயத்தில் மூளைக்குக் காது மந்தமாகிவிடுகிறது. சிம்பதெட்டிக் விஷயத்தில் மட்டும் காது கூர்மையாகவே இருக்கிறது. பசியும் அடங்காது, நரம்பின் முடுக்கமும் ஓயாது. அந்த நரம்பு சிறுநீரகத்துக்கும் போகிறது. அங்கே பிபியை ஏற்றும் வேலையைத் தொடங்கிவைக்கும் ரெனின் என்ற சுரப்பு கூடுகிறது. வெளியே போக வேண்டிய உப்பு திரும்ப உறிஞ்சப்படுகிறது. உப்போடு தண்ணீரும் தங்குகிறது. தங்கிய உப்பை வெளியேற்ற சிறுநீரகத்துக்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும். மெஷினில் தெரியும் 150/95 பெரும்பாலும் அந்தக் கூடுதல் அழுத்தம்தான்.

இது எலியில் பார்த்ததோடு நிற்கவில்லை. பிறவியிலேயே லெப்டின் சுரக்காதவர்கள் மிக அரிதாக இருக்கிறார்கள். 1997-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் முதலில் விவரித்த இரண்டு குழந்தைகளில் 8 வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. இப்படிப்பட்டவர்களுக்கு அவ்வளவு எடை இருந்தும் பிபி ஏறுவதில்லை. லெப்டினின் செய்தியை மூளைக்குள் கடத்தும் எம்சி4ஆர் என்ற ஏற்பி பழுதானவர்களிடமும் இதே கதைதான். 2009-ல் வந்த ஆய்வில், அதே அளவு பருமனான மற்றவர்களில் 53 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்க, இவர்களில் 24 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. ஆக, எடை மட்டும் பிபியை ஏற்றுவதில்லை. அந்தச் செய்தி போய்ச் சேரவும் வேண்டும்.

எல்லாப் பழியையும் லெப்டின் தலையில் போடவும் முடியாது. ஆஞ்சியோடென்சினோஜன் முக்கியமாகக் கல்லீரலில் சுரந்தாலும், கொழுப்பு செல்களும் தங்கள் பங்குக்கு அதைச் சுரக்கின்றன. ரத்தக் குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சினுக்கு அதுதான் மூலப்பொருள். சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கிவைக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனும் கூடுகிறது. ரத்தக் குழாயைத் தளர்த்த உதவும் அடிபோனெக்டின் மட்டும் தலைகீழ்: கொழுப்பு கூடக் கூட இது குறையும். தெற்காசியர்களுக்கு இது ஏற்கெனவே ஐரோப்பியர்களைவிடக் குறைவு. போதாக்குறைக்கு, சிறுநீரகத்தைச் சுற்றிப் படியும் கொழுப்பு அதை வெளியிலிருந்தும் அழுத்துகிறது.

இனி டெஸ்ட் விஷயம். ஒரே அளவு கொழுப்பு இருந்தாலும் பெண்களுக்கு ஆண்களைவிட லெப்டின் அதிகம். இரண்டு நாள் பட்டினி கிடந்தால் எடை குறைவதற்கு முன்பே லெப்டின் சரிந்துவிடும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரும் மாத்திரையை மாற்றப் போவதில்லை. ‘லெப்டின் மாத்திரை’ என்று விற்பதும் வீண். லெப்டின் ஒரு புரதம், வாய்வழியாகப் போனால் பருப்பு மாதிரி செரித்துவிடும்.

அதற்குப் பதில் டேப்பை எடுத்து இடுப்பை அளங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில் சுற்றி, சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும்போது பார்க்க வேண்டும். பேன்ட் சைஸ் கணக்கில் வராது. தொப்பைக்குக் கீழே வேட்டி கட்டுபவருக்கு அது பல சென்டிமீட்டர் குறைத்துக் காட்டும். நம்மவர்களுக்கு ஆண் 90, பெண் 80 சென்டிமீட்டர்தான் எல்லை.

பிபி மெஷினோடு வரும் பட்டை பொதுவாக 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்கானது. 36 இருக்கும் கையில் அதை இழுத்துக் கட்டினால் பிபி கூடுதலாகக் காட்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்படும் கைக்குச் சாதாரணப் பட்டை போட்டுப் பார்த்த 2023 ஆய்வொன்றில் மேல் அளவு சராசரியாக 19.5 புள்ளி தூக்கிக் காட்டியது. இல்லாத வியாதிக்கு மாத்திரை விழுங்க இது போதும்! ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். வீட்டில் சராசரி 135/85-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் போங்கள்.

மாத்திரைத் தேர்விலும் இந்த ஹார்மோன் கதைக்கு இடமுண்டு. டெல்மிசார்ட்டன், ராமிப்ரில் போன்றவை ஆஞ்சியோடென்சின் பாதையையே மறிப்பதால் பருமனானவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் வருபவை. ராமிப்ரிலில் வறட்டு இருமல் வரலாம். கர்ப்பிணிகளுக்கு இரண்டு வகையும் கூடாது. தொடங்கிய ஓரிரு வாரத்தில் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் பார்க்க வேண்டும். மூன்று மருந்துக்கும் அடங்காதபோது ஸ்பைரனோலாக்டோன் என்ற மாத்திரையைச் சேர்ப்பது ஆல்டோஸ்டிரோனைக் குறிவைத்துத்தான். பழைய மருந்துச் சீட்டில் அட்டெனலால் என்ற பிபி மாத்திரை மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், அது எடையைக் கொஞ்சம் கூட்டக்கூடியது என்பதால் மருத்துவரிடம் கேளுங்கள்; நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து. பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபட்டாலும் இதே நரம்புகள்தான் முடுக்கப்படும்.

எடை ஒரு கிலோ குறைந்தால் பிபி ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும். 10 கிலோ குறைத்தால் கிட்டத்தட்ட ஒரு மாத்திரையின் பலன். எடையைக் குறைக்கும் செமாக்ளூடைடு ஊசி போடுபவர்களுக்கும், பேலியோ மாதிரி உணவில் வேகமாக இளைப்பவர்களுக்கும் பிபி மாத்திரையின் பழைய டோஸ் அதிகமாகிவிடலாம். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா? உட்கார்ந்து ஒரு முறையும், நின்று ஒரு நிமிடம் கழித்து ஒரு முறையும் பிபி பாருங்கள். மேல் அளவு 20 புள்ளி இறங்கியிருந்தால் அந்த இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.