120 மெயில் போட்டும் பதில் வராதது ஏன்?

கேள்வி: திருச்சியில் வேதியியலில் பிஎச்.டி. முடித்திருக்கிறேன். பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலம்தான் என் ஆராய்ச்சி. வைவா முடிந்து மூன்று மாதம் ஆகிறது. ஐரோப்பாவில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி வேலை) கேட்டு 120 பேராசிரியர்களுக்கு மெயில் போட்டேன். நான்கு பேர் 'இப்போது நிதி இல்லை' என்றார்கள். மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை. எங்கே தவறுகிறேன்?

பதில்: அந்த நான்கு பேர் சொன்னதை நாசூக்கான மறுப்பு என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் அது உண்மைதான். அங்கே போஸ்ட்டாக் சம்பளம் அநேகமாகப் பேராசிரியர் வென்ற ஆராய்ச்சித் திட்டத்திலிருந்து வருகிறது. ஆகவே பணம் எங்கே வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள், மெயிலை அப்புறம் எழுதலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் திட்டங்கள் 'கார்டிஸ்' தளத்தில் பதிவாகின்றன. உங்கள் துறைச் சொல்லைப் போட்டுத் தேடினால் நிறுவனம், தொகை, தொடங்கும் தேதி, முடியும் தேதி எல்லாம் வரும். முடிய எட்டு மாதமே இருக்கும் திட்டத்தை விட்டுவிடுங்கள். இப்போதுதான் தொடங்கியவை, தொடங்கப்போகிறவை, இவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதிலும் ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஈ.ஆர்.சி.) ஸ்டார்ட்டிங் கிராண்ட் வாங்கியவர்களை முதலில் பாருங்கள். ஐந்து ஆண்டுக்கு 15 லட்சம் யூரோ வரை கிடைக்கும் நிதி அது, வாங்குபவர்கள் புதிதாகக் குழு சேர்க்கும் இளையவர்கள். ஜெர்மனிக்கு அந்நாட்டு ஆராய்ச்சி நிதி அமைப்பான டி.எஃப்.ஜி.யின் 'கெப்ரிஸ்' தளம். விளம்பரமான இடங்களுக்கு யூராக்ஸஸ் தளம், நெதர்லாந்துக்கு அகாடமிக் டிரான்ஸ்ஃபர் தளம். விளம்பரம் வந்த வேலைக்கு அவர்கள் சொன்ன போர்ட்டலில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

இப்படித் தேடினால் பதினைந்து லேப் தேறும். அது போதும். 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஒரு பேராசிரியைக்குப் போகும் மெயில் மொத்தமாக அனுப்பியது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். 'கடின உழைப்பாளி' என்பதையும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இப்படி ஒரு வரி வரட்டும்: "உங்கள் பேப்பரில் 85 டிகிரியில் செயல்திறன் சரிவதைக் காட்டியிருக்கிறீர்கள். அது அயனி நகர்வாலா என்று பிரித்தறிய, நான் நான்கு ஆண்டு செய்த இம்பீடன்ஸ் அளவீடு உதவும்." அவர் பேப்பரைப் படித்தீர்கள், அவரிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது, இரண்டும் அதில் தெரிந்துவிடும். மொத்தம் 150 சொல், இரண்டு பக்க சி.வி. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல்.

நிதி இல்லாத நல்ல லேப்பை விட்டுவிடவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி கியூரி போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கு அந்த லேப்பின் பேராசிரியரோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாமா என்று கேளுங்கள். கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் அந்த லேப் இருக்கும் நாட்டில் இருந்திருக்கக் கூடாது என்பது விதி. இங்கேயே படித்த உங்களுக்கு அது தடையே இல்லை. கடைசித் தேதி வழக்கமாகச் செப்டம்பரில் வரும். ஆகஸ்டில் பாதி ஐரோப்பா விடுமுறையில் இருக்கும் என்பதால் மார்ச், ஏப்ரலிலேயே பேசிவிட வேண்டும். விண்ணப்பத்துக்குக் கிடைக்கும் மதிப்பெண் மிகவும் குறைந்தால் அடுத்த ஆண்டு அதே பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து விண்ணப்பிக்க முடியாது, அதனால் அவசரத்தில் எழுதிப் போடாதீர்கள்.

இடம் கிடைத்தால் அது வேலை ஒப்பந்தமா, ஸ்டைபெண்டா (உதவித்தொகையா) என்று கேளுங்கள். ஜெர்மனியில் ஒப்பந்தம் என்றால் பொதுவாக 'இ13' என்ற அரசுத் துறைச் சம்பள விகிதம், காப்பீடும் ஓய்வூதியமும் சேர்ந்தே வரும். ஸ்டைபெண்ட் என்றால் அவற்றை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இந்த வாரமே உங்கள் கைடிடம் பேசுங்கள். பரிந்துரை கேட்டு அவருக்கே நேரடியாக மெயில் வரும், அவர் பார்க்காமல் விட்டால் தேர்வு அங்கேயே நின்றுவிடும். அவரது கல்லூரி மெயில் முகவரியையே கொடுங்கள். புரொவிஷனல் சான்றிதழையும் இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.