மைனஸ் 40 டிகிரியில் டெலிவரி ஓட்டலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கனடாவின் வட பகுதிகளுக்குப் படிக்கப் போன பிள்ளைகள் பகுதிநேரமாக டெலிவரி வேலை செய்வது பற்றி கோலாலம்பூர், பினாங்கு வாசகர்கள் கேட்ட கேள்விகளை இந்த இதழில் தொகுத்திருக்கிறோம். கடுங்குளிரில் வண்டி ஓட்டுவதையும் பராமரிப்பதையும் நன்கறிந்தவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: என் மகன் யூக்கோன் பகுதியில் உள்ள வைட்ஹார்ஸ் நகரில் படிக்கிறான். இங்கே 2 வருடம் மோட்டாரில் சாப்பாடு டெலிவரி செய்தவன். அங்கே ஒரு பழைய கார் வாங்கி அதே வேலையைச் செய்யப் போகிறேன் என்கிறான். விடலாமா?
– ஒரு தாயார், செந்தூல்

பதில்: அம்மா, குளிரைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அவருடைய ஆவணங்களைப் பார்த்துவிடுவோம். படிப்பு அனுமதியில் வேலை செய்யலாம் என்ற நிபந்தனை இருக்க வேண்டும். 2024 நவம்பர் முதல் உள்ள விதிப்படி, தகுதியுள்ள முழுநேர மாணவர் வகுப்பு நடக்கும் பருவத்தில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம் வரை வேலை செய்யலாம். கடையில் வேலை என்றால் முதலாளி மணிக்கணக்கு வைத்திருப்பார். ஆப் வேலையில் அந்தக் கணக்கை மகனேதான் எழுதி வைக்க வேண்டும். தினமும் தொடங்கிய நேரம், முடித்த நேரம் இரண்டையும் ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். வேலை தொடங்குமுன் சமூகக் காப்புறுதி எண்ணும் வாங்க வேண்டும். தற்காலிகமாகத் தங்குவோருக்கு அது 9-இல் தொடங்கும்.

அடுத்தது காரின் காப்புறுதி. சொந்த உபயோகத்துக்கு எடுத்த காப்புறுதி, கூலிக்குப் பொருள் ஏற்றிப் போகும்போது நடந்த விபத்துக்குப் பெரும்பாலும் பணம் கொடுக்காது. முதல் ஆர்டரை எடுப்பதற்கு முன் நிறுவனத்தைக் கேட்டு, உணவு டெலிவரிக்கும் பாலிசி செல்லும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் ஓட்டுவதைவிட ஓட்டாமல் இருப்பது நல்லது.

கேள்வி: அங்கே காரை ஸ்டார்ட் செய்ய ராத்திரியே கரண்டில் செருகி வைக்க வேண்டும் என்கிறார்களே, உண்மையா? மின்சாரக் கார் இல்லை, சாதாரண பெட்ரோல் கார்தான்.
– பிறை வாசகர்

பதில்: உண்மைதான் தம்பி. முன் கிரில்லுக்கு வெளியே ஒரு பிளக் தொங்கும். அது ப்ளாக் ஹீட்டருடையது. இன்ஜினுக்குள் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஓடும் இடத்தில் பொருத்திய சூடேற்றும் கம்பி அது, சிறிய காருக்கு 400 வாட் அளவில் இருக்கும். இரவு முழுக்கச் செருகி வைக்கத் தேவையில்லை, புறப்படுவதற்கு 3, 4 மணி நேரம் முன்னால் போதும். டைமர் வைத்துவிட்டால் 3 மணி நேரத்துக்கு 1.2 யூனிட் மின்சாரம்தான் ஆகும். நீட்டிப்பு வயர் குளிரில் விறைக்காத, வெளியில் பயன்படுத்தும் வகையாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் பயன்படுத்தும் வயரை மைனஸ் 30-இல் மடக்கினால் மேலுறை வெடித்துவிடும்.

ஹீட்டர் செத்துப் போனது பலருக்கு மறுநாள் காலையில் கார் கிளம்பாதபோதுதான் தெரியும். அக்டோபரிலேயே மல்டிமீட்டரால் பிளக்கின் இரண்டு முனைகளுக்கும் இடையே தடையை அளந்து பாருங்கள். 120 வோல்ட், 400 வாட் ஹீட்டர் என்றால் சுமார் 36 ஓம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது, அல்லது பிளக் வயர் அறுந்திருக்கிறது. வயரைக் கழற்ற மறந்து காரை எடுப்பவர்கள் அதிகம் என்பதால் முதலில் வயரைப் பாருங்கள்.

ஹீட்டர் மட்டும் காரைக் காப்பாற்றாது. நம் ஊரில் பழைய காரின் ரேடியேட்டரில் பைப் தண்ணீர் ஊற்றி ஓட்டுபவர்கள் உண்டு. அங்கே அதைச் செய்தால் தண்ணீர் உறைந்து சுமார் 9 விழுக்காடு விரிந்து, இன்ஜின் பிளாக்கையே பிளந்துவிடும். கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். கூலன்ட் 60 பங்கு, தண்ணீர் 40 பங்கு என்றால் மைனஸ் 50-ஐயும் தாண்டும். வெறும் கூலன்ட்டை ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம், தண்ணீர் கலக்காத கூலன்ட் இதைவிடச் சீக்கிரம் உறையும். இன்ஜின் ஆயிலில் இங்கே பழகிய 15W-40 அங்கே தேன்போல் கெட்டியாகிவிடும். கார்க் கையேடு அனுமதிக்கும் 0W வகையைப் போடுங்கள். அந்த 0W என்ற குறியீடே மைனஸ் 35-இல் இன்ஜினைச் சுழற்ற முடியுமா என்ற சோதனையிலிருந்து வருவது.

பேட்டரிக்கு மைனஸ் 18-இல் ஏறக்குறைய பாதி வலுதான் இருக்கும். அதே நேரத்தில் இன்ஜினைச் சுழற்ற வழக்கத்தைவிட அதிக வலு தேவைப்படும். டெலிவரியில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. 10 நிமிட ஓட்டம், நிறுத்தம், மறுபடி ஸ்டார்ட் என்று போனால், இழந்த சார்ஜ் திரும்ப ஏறவே நேரம் கிடைக்காது. கார் ஓய்ந்து நிற்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2-க்கு வந்துவிட்டால் பாதிதான். வாரம் ஒரு முறை வீட்டில் சார்ஜரில் போடுங்கள். சார்ஜ் முழுவதும் இறங்கிய பேட்டரி மைனஸ் 10-க்கு முன்பே உறையும். பெட்டி உப்பியிருந்தால் ஜம்பர் கேபிள் போடவே கூடாது, வெடிக்கும்.

கேள்வி: கோலாலம்பூரின் மழையிலும் நெரிசலிலும் ஓட்டிப் பழகியவருக்குப் பனிச்சாலை பெரிய வித்தியாசமா?
– கெப்போங் வாசகர்

பதில்: பெரிய வித்தியாசம்தான். முதலில் அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். டயர் மலையும் பனிச்செதிலும் வரைந்த முத்திரையுள்ள குளிர்கால டயராக, நான்கு சக்கரத்துக்கும் இருக்க வேண்டும். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழேயே விறைக்கத் தொடங்கிவிடும். முன் இரண்டுக்கு மட்டும் போட்டால் வளைவில் பின்பக்கம் வீசிவிடும்.

வெப்பநிலை 5.6 டிகிரி குறைந்தால் டயரில் சுமார் 1 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் குறையும். 20 டிகிரி வெப்பமுள்ள பட்டறையில் 35 வைத்துவிட்டு வெளியே மைனஸ் 30-க்கு வந்தால் 26 அளவுதான் மிஞ்சும். குளிர்ந்த டயரில், வெளியிலேயே அளந்து நிரப்புங்கள்.

வழுக்கல் மோசமாக இருப்பது சாலைச் சந்திப்புகளில்தான். எல்லாரும் பிரேக் பிடித்துப் பிடித்து அந்தப் பனி கண்ணாடிபோல் வழவழப்பாகியிருக்கும். வேகத்தைச் சந்திப்புக்கு வெகு முன்னாலேயே குறைத்துவிட வேண்டும். அடுத்த ஆர்டருக்கு நேரமாகிறது என்று ஆப் சொன்னாலும் இதில் அவசரம் வேண்டாம்.

கேள்வி: கைபேசிதானே இந்த வேலைக்கே உயிர். குளிரில் அணைந்துவிடும் என்கிறார்களே?
– ஆயர் ஈத்தாம் வாசகர்

பதில்: அணையும். ஐபோனுக்கு அதன் தயாரிப்பாளரே சொல்லும் வேலைச் சூழல் 0 முதல் 35 டிகிரி வரைதான். மற்றவையும் ஏறக்குறைய அப்படித்தான். காரைவிட்டு இறங்கும்போது கைபேசியை ஜாக்கெட்டின் உள்பையில், உடம்போடு ஒட்டி வையுங்கள். குளிர்ந்து அணைந்துபோன கைபேசியை உடனே சார்ஜில் போடாமல் சூடேறிய பின் போடுங்கள். லித்தியம் பேட்டரியை 0-க்குக் கீழே சார்ஜ் செய்தால் நிரந்தரமாகக் கெடும்.

கைக்கு இரண்டு உறை தேவை. உள்ளே திரையைத் தொடக்கூடிய மெல்லிய உறை, மேலே விரல் பிரியாத தடித்த உறை. வெறும் கையோடு வாசலில் நின்று குறியீட்டு எண் தட்டிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. காற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட குளிர் மைனஸ் 28 முதல் 39 வரை இருந்தால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். மைனஸ் 40 முதல் 47 வரை என்றால் 5 முதல் 10 நிமிடம்தான். விரல் வெளுத்து மரத்துப்போனால் தேய்க்கவே கூடாது. 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். பருத்தி உள்ளாடை வியர்வையைப் பிடித்து வைத்துக் குளிரைக் கூட்டும் என்பதால் கம்பளி உள்ளாடை வாங்கிக் கொடுங்கள். காலணி அரை அளவு பெரிதாக இருக்கட்டும், இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்தான் முதலில் உறையும்.

கேள்வி: சாப்பாடு ஆறிவிடாதா?
– பட்டர்வொர்த் வாசகி

பதில்: ஆறுவதோடு நிற்காது, குளிர்பானம் உறைந்து டின் வெடிக்கும். பையைப் பின் டிக்கியில் வைக்காமல் ஹீட்டர் ஓடும் இருக்கைப் பகுதியில் வையுங்கள். சூடான உணவுக்கும் குளிர்பானத்துக்கும் தனித்தனிப் பை. வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்லும் ஆர்டர் என்றால், வைத்த கையோடு அழைப்பு மணியை அடித்து ஒரு செய்தியும் அனுப்புங்கள்.

கேள்வி: ஊருக்கு வெளியே தூரமான ஆர்டருக்கு அதிகப் பணம் வருமாம். எடுக்கலாமா?
– பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்

பதில்: பணத்தை முதலில் கணக்குப் போடுவோம். மைனஸ் 7 டிகிரியிலேயே நகருக்குள் ஓடும் பெட்ரோல் கார், 25 டிகிரியில் ஓடுவதைவிட ஒரு லிட்டருக்குச் சுமார் 15 விழுக்காடு குறைவான தூரமே ஓடும். 5, 6 கிலோமீட்டர் குறும்பயணங்களில் 24 விழுக்காடு வரை குறையும். ஒரு மணி நேரத்தில் 20 டாலர் வந்தது, 24 கிலோமீட்டர் ஓடியது, பெட்ரோல் லிட்டர் 1.80 டாலர், 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் செலவு என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 5.20 டாலர். நிறுத்தத்தில் இன்ஜின் ஓடியதற்கு ஒரு 50 காசு. டயர், ஆயில், தேய்மானத்துக்குக் கிலோமீட்டருக்கு 15 காசு ஒதுக்கினால் 3.60 டாலர். கையில் நிற்பது 10.70 டாலர். வாடிக்கையாளரைவிட்டு வெறுமனே திரும்பும் தூரத்தைச் சேர்க்காமல் எந்த ஆர்டரையும் எடைபோடக் கூடாது. தூர ஆர்டரில் ஏமாற்றுவது அந்தத் திரும்பும் தூரம்தான்.

வரிக் கணக்கும் உண்டு. ஆப் வேலை சுயதொழிலாகவே கணக்கில் வரும். அங்கே சுயதொழில் செய்பவர் ஓய்வூதியச் சந்தாவில் முதலாளியின் பங்கையும் சேர்த்து, 3,500 டாலருக்கு மேலான நிகர வருமானத்தில் 11.9 விழுக்காடு கட்ட வேண்டும். வரி அறிக்கைக்கு ஜூன் 15 வரை நேரம் உண்டு, ஆனால் கட்ட வேண்டிய பணத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. கிலோமீட்டர் நோட்டும் பெட்ரோல் ரசீதும் இல்லாதவருக்குச் செலவைக் கழிக்க ஆதாரம் இருக்காது.

இனி பாதுகாப்பு. நகர எல்லையைத் தாண்டினால் கைபேசித் தொடர்பு பல இடங்களில் கிடையாது. ஐபோன் 14 முதல் செயற்கைக்கோள் வழி அவசர அழைப்பு உண்டு, ஆனால் 62 டிகிரி அட்சரேகைக்கு மேலே அது வேலை செய்யாமல் போகலாம். வைட்ஹார்ஸ் அதற்குக் கீழே இருக்கிறது, கனடாவின் இன்னொரு வட நகரமான யெல்லோநைஃப் மேலே. பெட்ரோல் டாங்கி பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. போர்வை, மண்வாரி, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, மெழுகுவர்த்தியை உள்ளே ஏற்றி வைக்க ஒரு தகர டின் காரிலேயே இருக்கட்டும். சிக்கிக்கொண்டால் காரைவிட்டு நடக்காதீர்கள். புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை முதலில் வாருங்கள், அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்து உயிரைக் குடிக்கும். பிறகு மணிக்கு 10 நிமிடம் மட்டும் இன்ஜினை ஓட்டி, ஒரு ஜன்னலைச் சற்றே திறந்து வையுங்கள். மைனஸ் 35-க்குக் கீழே தொடர்பு இல்லாத சாலை ஆர்டரை மறுத்துவிடுங்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

கேள்வி: வெளிநாடெல்லாம் வேண்டாம். பினாங்கிலிருந்து கேமரன் மலைக்குப் போய் கப்சாயில் (கியருள்ள சிறிய மோட்டார் சைக்கிள்) டெலிவரி ஓட்ட நினைக்கிறேன். என்ன கவனிக்க வேண்டும்?
– புக்கிட் மெர்த்தாஜம் வாசகர்

பதில்: தம்பி, கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம். அங்கே குளிரைவிட இறக்கம்தான் ஆளைச் சாய்க்கும். நீண்ட இறக்கத்தில் 2-ஆம் கியரில் இன்ஜின் பிடிப்போடு இறங்குங்கள். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும், விட்டு விட்டுப் பிடியுங்கள். ஸ்கூட்டரில் இன்ஜின் பிடிப்பு குறைவு என்பதால் இந்த வேலைக்குக் கப்சாயே நல்லது. மூடுபனியில் உயர் வெளிச்சம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும், தாழ்ந்த வெளிச்சத்தில் போங்கள். மழைக் கோட்டுக்குள் காற்றுப் புகாத ஒரு ஜாக்கெட், நனைந்தால் மாற்ற இன்னொரு ஜோடிக் கையுறை. மலேசியச் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் சுயதொழில் பாதுகாப்புத் திட்டத்தில் சந்தா, நீங்கள் தேர்ந்தெடுக்கும் வருமான நிலையில் 1.25 விழுக்காடு. மலையேறும் முன் அது நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.