திடீரென்று வந்த குழப்பத்தை முதுமை மறதி என்று விட்டுவிடலாமா?

கேள்வி: என் மாமனாருக்கு 72 வயது. நாட்டுப்படகில் மீன்பிடித்தவர், சில ஆண்டுகளுக்கு முன் படகை விற்றுவிட்டு வீட்டோடு இருக்கிறார். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். இரண்டு மாதங்களுக்கு முன் வழுக்கி விழுந்து தலையில் லேசாக அடிபட்டது. பத்து நாட்களாகப் பகலெல்லாம் தூங்கி வழிகிறார். இரவில் எழுந்து உட்கார்ந்து போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வலை பின்னுவதுபோல் விரல்களை ஓட்டுகிறார். கடலுக்குப் போக வேண்டும் என்று கதவைத் திறக்கிறார். இரவில் பேரனைப் பார்த்து யார் என்று கேட்பவர், காலையில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். வயதானால் இப்படித்தான் என்கிறார்கள் சிலர். ஏர்வாடி தர்காவில் கொண்டுபோய் விடச் சொல்கிறார்கள் சிலர். என் கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். நான் என்ன செய்வது?
- தேவிபட்டினம் அருகிலிருந்து ஒரு வாசகி

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும், இன்றே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள் என்றுதான் முதலில் சொல்ல வேண்டும். முதுமை மறதி நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வளர்வது; அது எந்த வாரத்தில் தொடங்கியது என்று எந்தக் குடும்பத்தாலும் சொல்ல முடியாது. நீங்களோ பத்து நாள் என்று கணக்குச் சொல்கிறீர்கள். இரவில் அடையாளம் தெரியாத பேரனைக் காலையில் பெயர் சொல்லி அழைக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இப்படித் திடீரென்று வந்து, ஒரே நாளுக்குள் கூடியும் குறைந்தும் காணப்படும் குழப்பத்தை டெலிரியம் என்கிறோம். சன்னி கண்டது என்று நம் பெரியவர்கள் சொல்வதும் இதைத்தான். உடலில் எங்கோ இருக்கும் கோளாறு மூளையின் வழியாகத் தன்னைக் காட்டுகிறது. அந்தக் கோளாற்றைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால், பெரும்பாலோருக்குத் தெளிவு திரும்புகிறது. தாமதித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

காரணங்களில் நான் முதலில் சந்தேகிப்பது சிறுநீர்த் தொற்றை. முதியவர்களுக்குக் காய்ச்சலோ எரிச்சலோ இல்லாமல், குழப்பம் மட்டுமே அதன் அறிகுறியாக வருவதுண்டு. அடுத்தது ரத்தத்தில் சோடியம் குறைவது. நீர் பிரியச் செய்யும் மருந்து கலந்த ரத்த அழுத்த மாத்திரைகள் அதைக் குறைக்கக்கூடும். குடிநீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் நம் கரையோர ஊர்களில், இரவில் எழுந்து சிறுநீர் கழிக்க வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெரியவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். வெயில் காலத்தில் அதனால் வரும் நீரிழப்பு ஒன்றே குழப்பத்துக்குப் போதும். சரியாகச் சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டால் சர்க்கரை தாழ்ந்துபோகும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரையில் பெரும்பாலும் இருக்கும் குளோர்பெனிரமின் என்ற மருந்து, முதியவரைக் குழப்பவும் செய்யும், புராஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீரை அடைக்கவும் செய்யும். ஆகவே வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், எப்போதோ வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

அவர் விழுந்ததை மறக்காமல் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு லேசான அடிக்குப் பிறகும் மூளைக்கும் அதன் உறைக்கும் இடையே ரத்தம் சிறிது சிறிதாகக் கசிந்து, பல வாரங்கள் கழித்துத் தூக்கமாகவும் குழப்பமாகவும் வெளிப்படலாம். சி.டி. ஸ்கேனில் அது தெரிந்துவிடும். தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையால் வெளியேற்றலாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே நேராகச் செல்லுங்கள். ஒரு கை கால் பலவீனமானாலோ, வாந்தி வந்தாலோ, எழுப்பினால் கண் திறக்காவிட்டாலோ 108-ஐ அழைக்கத் தயங்காதீர்கள்.

தூங்கினால் சரியாகிவிடும் என்று தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். இந்த நிலையில் அது குழப்பத்தைக் கூட்டும். இரவில் அறையில் ஒரு விளக்கு எரியட்டும். மூக்குக் கண்ணாடியை எடுத்து வைத்துவிடாதீர்கள். பகலில் வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுங்கள். கடலுக்குப் போக வேண்டும் என்று எழுந்தால், படகை விற்றாயிற்றே என்று வாதாடாமல், "சோழகக் காற்று பலமா இருக்கு மாமா, விடியட்டும்" என்று அவருக்குப் பழகிய சொல்லில் பதில் சொல்லிப் பாருங்கள். கடற்கரை பக்கத்தில் இருப்பதால் யாராவது ஒருவர் அதே அறையில் படுப்பது அவசியம். ஆனால் கட்டிப்போடக் கூடாது. கட்டினால் பயமும் குழப்பமும் கூடும், காயம் படும்.

ஏர்வாடியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பிரார்த்தனை தரும் ஆறுதலை நான் மறுக்கவில்லை. உங்கள் குடும்பத்துக்கு நம்பிக்கை இருந்தால் அவர் குணமான பின் அழைத்துச் சென்று வாருங்கள். இப்போது அங்கே கொண்டுபோய் விட்டால், ஒரு சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியக்கூடிய காரணம் தெரியாமலே போய்விடும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்ததை இந்த மாவட்டம் மறக்கக் கூடாது. மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

குழப்பம் தெளிந்ததும் வைத்தியம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். லேசான மறதி நோய் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு டெலிரியம் எளிதில் வருவதால், சுமார் மூன்று மாதம் கழித்து நினைவாற்றல் பரிசோதனை செய்ய வேண்டும். அப்போது தைராய்டு, வைட்டமின் பி12 அளவுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்குப் பி12 குறையலாம். கடலை விட்டபின் அவர் பேச்சைக் குறைத்தாரா, சாப்பாட்டில் நாட்டம் இழந்தாரா, இருந்து என்ன பயன் என்றாரா என்பதையும் நினைவுபடுத்திச் சொல்லுங்கள். முதுமையில் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படாமல் இப்படி ஒதுங்குதலாகவும் வருவதுண்டு. அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

இத்தனை இரவுகளாக நீங்கள் தனியாக விழித்திருப்பதாகத் தெரிகிறது. நாத்தனாரோ கொழுந்தனாரோ இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில் வந்து படுக்கச் சொல்லுங்கள். உங்களுக்கே மனம் தாளவில்லை என்றால், 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.