ஆலோசகர் ஏன் ஆலோசனை சொல்வதில்லை?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கவுன்சலிங் பற்றியவை. இருபத்திரண்டு ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கிறேன். படித்ததோடு பட்டதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். கதையில் வருபவர்களை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: மூன்று தடவை கவுன்சலிங் போய்விட்டேன். அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ‘வேலையை விடலாமா?’ என்றால், ‘உங்களுக்கு என்ன தோன்றுகிறது?’ என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

உங்கள் எரிச்சல் நியாயமானது. குழப்பத்தில் பாதி அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ‘ஆலோசகர்’ என்று பலகை மாட்டிக்கொண்டு ஆலோசனை சொல்லாமல் இருந்தால் யாருக்கும் கோபம் வரும்தான். எனக்குப் பிடித்த சொல் ‘ஆற்றுப்படுத்துதல்’. ஆறு என்றால் வழி. பழைய ஆற்றுப்படைப் பாடல்களில், பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வான். நடக்க வேண்டியது அந்த இன்னொருவனின் கால்கள். எங்கள் நிலைமை இன்னும் கடினம். பாணனுக்குப் போய்ச் சேரும் இடமாவது தெரியும், எங்களுக்கு அதுவும் தெரியாது. வேலையை விட்ட பிறகு வருகிற காலைப் பொழுதுகளை வாழப்போவது நீங்கள், உங்கள் ஆலோசகர் இல்லை.

நானும் அறிவுரை சொன்னவள்தான். தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு, மனைவியை இழந்த ஒருவர் வந்தார். அவர் சம்மதத்தோடு பேச்சை ஒலிப்பதிவு செய்து, எழுதி, என் மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு பேனாக்களை எடுத்தார். என் பேச்சுக்குச் சிவப்பு, வந்தவர் பேச்சுக்கு நீலம். முதல் பக்கத்தில் நீலம் நிறைய இருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஏறக்குறைய எல்லாமே சிவப்பு. ஓரிடத்தில் வந்தவர், “ராத்திரி விளக்கை அணைக்க முடியவில்லை” என்று சொல்லியிருக்கிறார். நான், “தூங்கும் முன் ஏதாவது படித்துப் பாருங்கள்” என்று சொல்லியிருக்கிறேன். மேற்பார்வையாளர் அந்த வரியில் விரலை வைத்து, “அணைத்தால் என்ன ஆகிறது என்று ஏன் கேட்கவில்லை?” என்றார்.

அடுத்த வாரம் கேட்டேன். “இருட்டில் அவள் பக்கத்தில் படுத்திருப்பது போலவே இருக்கும். கையை நீட்டிப் பார்ப்பேன்” என்றார். அதை அதற்கு முன் யாரிடமும் அவர் சொன்னதில்லை. என் புத்தக யோசனை அந்தக் கதவைத்தான் சாத்தியிருந்தது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? எனக்கு எழுதியதை அப்படியே உங்கள் ஆலோசகரிடம் சொல்லுங்கள். ‘மூன்று தடவை வந்தும் எனக்குப் போதவில்லை’ என்று நேராகச் சொல்லலாம். நல்ல ஆலோசகர் அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார். எதற்காக இப்படிக் கேட்கிறார், எத்தனை சந்திப்பு ஆகலாம், எதை நோக்கிப் போகிறீர்கள் என்பதையெல்லாம் விளக்க அவர் கடமைப்பட்டவர். அதன் பிறகும் ஒத்துவரவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள். அது துரோகம் இல்லை.

கேள்வி: உளவியல் படிக்கிறேன். ஃபிராய்டு, ராஜர்ஸ், எல்லிஸ், பெக் என்று ஆளுக்கொரு கோட்பாடு. ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கிறார். இதில் எதுதான் சரி?

ஒரே ஓர் ஆளை மனதில் நிறுத்திக்கொண்டு எல்லாக் கோட்பாட்டையும் படித்துப் பாருங்கள். ‘மேலதிகாரி கூப்பிட்டாலே வயிற்றைப் பிசைகிறது’ என்று ஒருவர் வருகிறார் என்று வையுங்கள்.

ஃபிராய்டு வழியில் வந்தவர், இந்தப் பயம் இதற்கு முன் யார் முன்னால் வந்தது என்று தேடுவார். அப்பாவின் காலடிச் சத்தத்துக்கு நடுங்கிய பிள்ளை இன்னும் உள்ளே நிற்கிறதோ என்று பார்ப்பார். அந்தப் பயம் ஒருநாள் ஆலோசகர் மீதே திரும்பும், அதுவும் பேசுபொருளாகும். புரோயரும் ஃபிராய்டும் 1895-ல் வெளியிட்ட நூலில் வரும் ஒரு பெண், இந்த முறையைப் ‘பேச்சு வைத்தியம்’ என்று சொன்னார். பெயர் வைத்தது மருத்துவர் இல்லை, சிகிச்சைக்கு வந்தவர். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

நடத்தைக் கோட்பாட்டுக்காரர் பழங்கதைக்குள் அதிகம் போக மாட்டார். பயம் பழகி வந்தது என்றால், பழக்கியே போக்கலாம் என்பார். உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924-ல் எழுதியதைப் படியுங்கள். மூன்று வயதுகூட நிரம்பாத பீட்டருக்கு முயல் என்றால் பயம். குழந்தை பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டு சந்தோஷமாக இருக்கும் நேரத்தில், முயலைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் பீட்டரே முயலைத் தடவினான். இதே எண்ணத்தை 1958-ல் ஜோசப் வோல்பி படிப்படியான ஒரு முறையாக வகுத்தார். நம் ஆளுக்கும் அப்படி ஒரு படிக்கட்டு போடலாம்: முதலில் மேலதிகாரிக்கு ஒரு வணக்கம், அப்புறம் ஒரு சிறு கேள்வி, அப்புறம் கூட்டத்தில் ஒரு வாக்கியம். லிஃப்ட், நாய், ஊசி என்று குறிப்பிட்ட ஒன்றுக்குப் பயந்து வருபவர்களிடம் நான் முதலில் போவது இந்த வழிக்குத்தான்.

ஆல்பர்ட் எல்லிஸ் 1955 வாக்கில் தன் முறையைத் தொடங்கினார். மேலதிகாரி கூப்பிடுவது நிகழ்ச்சி, வயிற்றைப் பிசைவது விளைவு. நடுவில் சத்தமில்லாமல் ஒரு நம்பிக்கை உட்கார்ந்திருக்கிறது: ‘அவர் என்னைக் குறை சொன்னால் நான் எதற்கும் லாயக்கில்லாதவன்.’ எல்லிஸ் அதோடு நேருக்கு நேர் மல்லுக்கு நிற்பார். ஆரன் பெக் இன்னும் மென்மையானவர். அவர் ஃபிராய்டு வழியான உளப்பகுப்பாய்வில் பயின்றவர். மனச்சோர்வு உள்ளவர்களின் கனவில் அடக்கிய கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்து ஆராய்ந்தார். கிடைத்ததோ தோல்வியும் இழப்பும். தன் கோட்பாட்டையே விட்டு விலகி, மனதில் தானாக ஓடும் எண்ணங்களைக் கவனிக்கத் தொடங்கினார். பெக் வழியில் வந்தவர் நம் ஆளிடம் ஒரு தாளைக் கொடுப்பார்: அந்த எண்ணத்துக்கு ஆதாரம் ஒரு பக்கம், எதிரானது மறுபக்கம்.

கார்ல் ராஜர்ஸ் ‘நோயாளி’ என்ற சொல்லையே ஒதுக்கியவர். 1957-ல் அவர் எழுதிய கட்டுரையில் ஆலோசகருக்கு வேண்டிய மூன்றைச் சொன்னார். உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமை, நிபந்தனை இல்லாமல் ஏற்பது, மற்றவர் இடத்தில் நின்று உணர்வது. கேட்க எளிதாக இருக்கும். நம் ஆள், ‘அந்தக் குரலைக் கேட்டதும் நான் சின்னப் பையனாகிவிடுகிறேன்’ என்று சொல்லும்போது, ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்று தேற்றாமல், அந்தச் சின்னப் பையனோடு கூடவே நின்று பாருங்கள். பத்து நிமிடம் போதும், எவ்வளவு கடினம் என்று தெரிந்துவிடும். ராஜர்ஸ் முறை என்றால் சொன்னதையே திருப்பிச் சொல்வது என்று பாடப்புத்தகத்தைப் பார்த்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

எதிரே காலி நாற்காலியைப் போட்டு, மனதில் இருப்பவர் அதில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசவைத்த பெர்ல்ஸ், வதை முகாமிலிருந்து மீண்டு வாழ்வின் அர்த்தத்தைப் பேசிய ஃபிராங்கல் என்று பட்டியல் இன்னும் நீளும். அவர்களையும் படியுங்கள்.

எது சரி? 1960-களில் ஒரே பெண்ணை ராஜர்ஸ், பெர்ல்ஸ், எல்லிஸ் மூவரும் தனித்தனியாகச் சந்தித்துப் பேசியதைப் படம் பிடித்திருக்கிறார்கள். கிடைத்தால் பாருங்கள். ஒரே ஆள், மூன்று அறையிலும் மூன்று விதமாகத் தெரிவார். உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-ல் சொன்னது எனக்கு இன்றும் கைகொடுக்கிறது: எந்த முறையானாலும், எதை நோக்கிப் போகிறோம், அதற்கு என்ன செய்யப்போகிறோம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு இருக்க வேண்டும், இருவருக்கும் நடுவில் ஒரு பிணைப்பும் இருக்க வேண்டும். அதனால், முதலில் ஒரு கோட்பாட்டில் ஆழமாகக் கால் ஊன்றுங்கள். மற்றவற்றிலிருந்து அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். எதையும் சரியாகப் படிக்காமல் எல்லாவற்றிலும் கொஞ்சம் கிள்ளி எடுப்பவரிடம் போகிறவர்கள் பாவம்.

கேள்வி: என் பதினாறு வயது மகள் கவுன்சலிங் போகிறாள். என்ன பேசினாள் என்று கேட்டால் ஆலோசகர் சொல்ல மறுக்கிறார். பெற்றவளுக்குத் தெரிய உரிமை இல்லையா?

உங்கள் தவிப்பு புரிகிறதம்மா. ஆனால், அம்மாவுக்குப் போகும் என்று தெரிந்த நிமிடமே உங்கள் மகள் பேசுவதை நிறுத்திவிடுவாள். எதைப் பெற்றோரிடம் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று தொடக்கத்திலேயே மூவரும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். இப்போதும் அப்படி ஒரு சந்திப்பைக் கேளுங்கள்.

ரகசியத்துக்கும் எல்லை உண்டு. அவள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றாலும், யாராவது அவளுக்குக் கொடுமை செய்கிறார்கள் என்றாலும் ஆலோசகர் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது. ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்ற நியாயமான முயற்சி எடுக்க வேண்டியது சிகிச்சையாளரின் கடமை என்று 1976-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பல நாடுகளில் இந்தப் பேச்சு சூடுபிடிக்க அது ஒரு காரணம். அவர் உங்களைக் கூப்பிடவில்லை என்றால், அப்படி எதுவும் அவர் கண்ணில் படவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: தூக்கமே இல்லை. ஆலோசகரே மாத்திரை எழுதித் தருவாரா?

மாத்திரை எழுதுவது மனநல மருத்துவரின் வேலை. மருந்து தேவைப்படலாம் என்று தோன்றினால் உங்களை அங்கே அனுப்பி வைப்பது ஆலோசகரின் பொறுப்பு. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம், பலருக்கு அதுதான் நல்லது. தற்கொலை எண்ணம் வருகிறது என்றால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள், இன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: பயிற்சியில் இருக்கும் ஆலோசகர் நான். வருபவர் மௌனமாகிவிட்டால் பதறிப்போய் எதையாவது பேசி நிரப்பிவிடுகிறேன். என்ன செய்வது?

அவர் கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தரையிலோ சுவரில் ஏதோ ஒரு புள்ளியிலோ நிலைத்திருந்தால் அவர் உள்ளே வேலையாக இருக்கிறார், விட்டுவிடுங்கள். உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் துணை தேடுகிறார். “பேசுவது கஷ்டமாக இருக்கிறதா?” என்று மெதுவாகக் கேளுங்கள். பதற்றம் உங்களுடையது என்றால் பாதத்தைத் தரையில் அழுத்தி வைத்து மூச்சைக் கவனியுங்கள். எனக்கு அது உதவியது.

ஒருமுறை ஒரு இளம்பெண் வந்ததிலிருந்து சட்டைக் கையின் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். பேச்சே இல்லை. நானும் பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்துத் தலை நிமிராமலே, “மணி ஆயிடுச்சா?” என்றாள். “இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கு” என்றேன். பொத்தானை விட்டாள். “அப்படின்னா சொல்லிடுறேன்” என்றாள்.

உங்கள் அறையில் கடிகாரம் இருவர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்கட்டும்.