இலங்கையின் மகாவலி கங்கை ஏன் பக்கத்திலுள்ள மேற்குக் கடலுக்குப் போகாமல் திருகோணமலை வரை சுற்றிச் செல்கிறது?

நடுமலையின் மேற்குப் பக்கத்தில் ஊறும் ஆற்றுக்குக் கடல் நேர்க்கோட்டில் 100 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் மகாவலி 335 கிலோமீட்டர் ஓடி இலங்கையின் கிழக்குக் கரையை அடைவதற்குக் காரணம், மலைகள் நீண்டு கிடக்கும் திசைதான்.

மலையகத்தின் இந்தப் பகுதியில் முகடுகளும் அவற்றுக்கிடையிலான பள்ளத்தாக்குகளும் ஏறக்குறைய வடக்கு வடமேற்காக நீண்டு கிடப்பதால், ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்திலிருந்து தலவாக்கலை வழியாக இறங்கும் கொத்மலை ஓயா என்ற துணையாறும், நாவலப்பிட்டி, கம்பளை வழியே வரும் முதன்மை ஆறும் மேற்கே தாண்ட வழியின்றி வடக்கு நோக்கியே நகர்கின்றன. ஹட்டன் பக்கத்து நீர்பிரி முகட்டின் ஒரு சரிவில் விழும் மழை மகாவலிக்கும் மறு சரிவில் விழுவது களனிக்கும் போகிறது. களனி கங்கையோ 145 கிலோமீட்டரிலேயே கொழும்புக்கருகில் கடலில் கலந்துவிடுகிறது.

பேராதனைத் தாவரவியல் பூங்காவை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு, கண்டியைச் சுற்றிக் கிழக்கே திரும்பும் இடத்தில்தான் ஆற்றின் குணம் மாறுகிறது. நக்கிள்ஸ் மலைகளின் தெற்கடிவாரத்தில் அது வேகமாக உயரத்தை இழக்கிறது. விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை அணைகள் அடுத்தடுத்து அமைந்திருப்பது இந்த இறக்கத்தை நம்பித்தான். மினிப்பைக்குப் பிறகு சமவெளி. மகியங்கனையிலிருந்து ஆறு மறுபடி வடக்கே திரும்புகிறது.

இந்தச் சுற்றுப் பாதையால் விளைந்த பெரிய நன்மையாக நான் கருதுவது, இரண்டு பருவமழைகளும் இந்த ஆற்றுக்குக் கிடைப்பதையே. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை தலைப்பகுதியை நிறைக்கிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை, உமா ஓயா, பதுளை ஓயா போன்ற கிழக்குச் சரிவுத் துணையாறுகளையும் கீழ்ச் சமவெளியையும் நனைக்கிறது. கம்பளையில் கலங்கல் நீர் மூங்கில் தூர்களை உரசிக்கொண்டு ஓடும் அதே மாதத்தில், கீழ்ச் சமவெளியிலுள்ள மன்னம்பிட்டிப் பாலத்தில் நின்று பார்த்திருக்கிறேன்: அகன்ற மணற்படுகை வெளியே தெரிய, நீர் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடிக்கொண்டிருந்தது. தை மாதத்தில் அதே படுகை கரைமுட்ட நிறைந்து, வெள்ளம் பக்கத்து வில்லுகளில், அதாவது ஆற்றோரத் தாழ்நிலச் சதுப்புகளில், பரவி நிற்கும். அந்த வில்லுகளின் புல்வெளிகளே கோடையில் யானைகளுக்கு மேய்ச்சல் நிலம்.

ஈரவலயத்து நீரை உலர்வலயத்துக்கு ஆறே சுமந்துவருவதால்தான் பண்டைக் காலத்திலேயே மினிப்பைக் கால்வாய் வெட்டப்பட்டது. 1976 முதல் கண்டிக்கு அருகிலுள்ள பொல்கொல்லையில் ஒரு பகுதி நீர் சுரங்கம் வழியே வடக்கே திருப்பப்பட்டு, அம்பன் கங்கையை அடைந்து, வயல்களுக்கும் குளங்களுக்கும் போகிறது. எஞ்சியது வெருகல் பக்கம் ஒரு கிளையைப் பிரித்துவிட்டு, மூதூருக்கு அருகில் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது.